போருக்குப் பின் பாரிஸ் – 14: சிரிக்காத கோமாளிகள்

ஷார்பான்டியே கேலரியின் வாசலில் கூட்டம் முண்டியடித்த 1958-ஆம் ஆண்டுக்கு இந்த வாரம் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், 1956-இல் கொஞ்சம் நின்றாக வேண்டும். ஆண்டுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு கண்காட்சி வைப்பது ஓவியர் பெர்னார் புஃபேயின் வழக்கம். அந்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்டது சர்க்கஸ்.

பிரெஞ்சு ஓவியர்களுக்கு சர்க்கஸ் புதிதல்ல. லோத்ரெக், சேரா, ருவோ என்று பெரிய வரிசையே உண்டு. போர் முடிந்த ஐந்தாவது ஆண்டில், 1950-இல், ஃபெர்னான் லெஜே வெளியிட்ட ‘சர்க்கஸ்’ லித்தோகிராஃப் (கல்லச்சு) தொகுப்பில் திருவிழாக் களை கட்டியிருக்கும். புஃபேயின் கூடாரத்தில் பார்வையாளர்களே கிடையாது. கன்னம் ஒட்டிய கோமாளி, எலும்பு துருத்தும் கழைக்கூத்தாடி, எதையோ வெறிக்கும் கண்கள். வெள்ளைப் பூச்சும் சிவப்பு மூக்கும் இருக்கின்றன. உதட்டில் சிரிப்பு இல்லை.

1968-இல் மூர்லோ அச்சகத்தின் வழியே வந்த ‘என் சர்க்கஸ்’ லித்தோகிராஃப் தொகுப்பில்தான் இந்தக் கோமாளிகள் முழுமை பெற்றார்கள் என்பது என் திடமான கருத்து. கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள கிரேயானால் வரைய வேண்டும். ஈரப்படுத்திய கல்லில், மை கோட்டை மட்டும் பற்றிக்கொள்ளும். நிறத்துக்கு ஒரு கல் அல்லது தகடு. ஒவ்வொன்றாகத் தாளில் ஏற்ற வேண்டும். கறுப்புக் கோட்டையே நம்பி வரைந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? முள்வேலிக் கம்பிபோல விறைத்து நிற்கிற அந்தக் கோடு முதலில் கண்ணைப் பிடிக்கிறது. மஞ்சளும் சிவப்பும் அதற்கு அடங்கித்தான் நடக்கின்றன.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தபோது புஃபேக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. ரேஷன், குளிர், பயம் – இவற்றுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. 1945-இல் தாயும் போய்விட்டார். அந்தப் பசிதான் கோமாளியின் கன்னத்தில் குழியாக விழுந்திருக்கிறது.

விமர்சகர்கள் இதைப் பார்க்க மறுத்தார்கள். 1948-இல் விமர்சகர் பரிசு கொடுத்து இருபது வயதுக்காரரைத் தோளில் தூக்கியவர்கள், பத்திரிகைப் படங்களில் அவருடைய ரோல்ஸ்ராய்ஸ் காரைக் கண்டதும் கீழே போட்டார்கள். மலிவான சோகம் என்றார்கள். அவர்கள் தண்டித்தது காரை, அடிபட்டது ஓவியம். இந்தக் கதையில் வில்லன் யார் என்று கேட்டால், அந்தப் பொறாமையைத்தான் சொல்வேன். கோமாளி படங்களின் நகல்கள் வீட்டுக்கு வீடு தொங்கியது கலைஞனின் குற்றமா? சாதாரண மனிதர்கள் அந்த முகத்தில் தங்கள் களைப்பை அடையாளம் கண்டுகொண்டார்கள். விமர்சகர்களைவிட அவர்கள் கூர்மையாகப் பார்த்தார்கள்.

அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் 1973-இல் எழுந்தது ஜப்பானில், சேகரிப்பாளர் ஒகானோ கீசிரோவின் முயற்சியால். பார்கின்சன் நோயால் தூரிகை பிடிக்க முடியாமல்போன புஃபே 1999-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாரிஸ் நகர நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது 2016-இல். இவ்வளவு தாமதமான மரியாதையைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1958 அப்படியே காத்திருக்கிறது: ஷார்பான்டியே கண்காட்சி, துணைவராக இருந்த பெர்ஜேயின் பிரிவு, டிசம்பரில் அனபெல்லுடன் திருமணம். முப்பதே வயதில் ஒரு மனிதன் உச்சியையும் சரிவின் தொடக்கத்தையும் ஒரே ஆண்டில் பார்த்த கதை அடுத்த வாரம்.