அவையல் கிளவி

வசவைப் பற்றி வகுப்பில் பேசலாமா என்று இன்று தயங்குகிறோம். தமிழ் இலக்கணத்துக்கு இது பழைய பாடம். அவையில் சொல்லத் தகாததை ‘அவையல் கிளவி’ என்று குறித்து, அதை மறைத்துச் சொல்லச் சொல்கிறது தொல்காப்பிய எச்சவியல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி அதை இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் சேர்த்தார். மலம் கழித்து வந்தவர் ‘கால் கழுவி வந்தேன்’ என்பது இன்றும் மாணவர் ஒப்பிக்கும் உதாரணம். ஆனால் தொல்காப்பியம் அடுத்த நூற்பாவிலேயே ஒரு விலக்கும் தருகிறது: பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் என்று உரைகாரர்கள் அதற்குச் சான்று காட்டுவார்கள். கூச்சம் சொல்லில் இல்லை, அவையின் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் விலக்கு இது. வசவின் வரலாற்றைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வகுப்போ முதல் நூற்பாவோடு எழுந்துபோய்விடுகிறது.

அதனால்தான் காளமேகம் சிலேடைப் புலவராக மட்டும் உள்ளே வருகிறார். வசை பாடிய காளமேகம் வாசலில் நிற்கிறார். சங்கப் பாட்டில் ‘அல்குல்’ வந்தால் ‘இடை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் அந்த இடத்தில் லத்தீனுக்குள் ஒளிந்துகொண்டது (லத்தீன் தெரிந்தவருக்கு வெட்கம் கிடையாது போலும்). இப்படி உடலைச் சுற்றியே காவல் நிற்கும்போது, ஆளை உண்மையில் காயப்படுத்தும் சொற்கள் கவனிப்பாரின்றிப் போகின்றன. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு பொது இடத்து ஆபாசத்தைத்தான் பார்த்தது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் பார்க்க இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. சட்டத்தின் பார்வை கூச்சத்தோடு நிற்காமல் இழிவுக்கும் நகர்ந்திருக்கிறது. இலக்கண வகுப்பு இன்னும் கால் கழுவிக்கொண்டிருக்கிறது.

பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது வலுவில்லாத தடை. பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் கேட்காத எதையும் ஆசிரியர் புதிதாகக் கற்றுத்தரப் போவதில்லை. கனமான தடை வேறு: சாதி வசவைப் பேச்சுக்கு எடுத்தால், அதை ஏற்கெனவே வாங்கிய மாணவர் எல்லார் முன்னிலும் மறுபடி கூனிக்குறுக நேரும். இது நியாயமான அச்சம்தான். ஆனால் மறைத்துச் சொல்வது வேறு, சொல்லாமலே விடுவது வேறு. சொல்லை உச்சரிக்காமல், அது யாரைத் தாழ்த்த எழுந்தது, யார் வாயில் வளர்ந்தது என்று ஆராய முடியும். பீ, மூத்திரம் என்று பாட்டி சாதாரணமாகச் சொன்னதைச் சொல்லப் பேரன் கூசுகிறான். அவள் காலத்தில் ஊரே கூப்பிட்ட சாதிப் பெயருக்கு இன்று வழக்குப் பதிவாகலாம். எச்சவியலின் அந்த விலக்கை நடத்தும் ஆசிரியர் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.