பேண்டம் கோழி: குளிர்காலப் பராமரிப்பு

பேண்டம் என்பது குட்டைக் கோழி வகைகளின் பொதுப்பெயர். ஜாவாத் தீவின் பந்தன் துறைமுகத்தை ஒட்டி எழுந்த பெயர் இது. உடல் சிறுத்தால் எடையோடு ஒப்பிடத் தோற்பரப்பு கூடும். சூடும் விரைவாக வெளியேறும். ஆகவே ஐரோப்பா, வட அமெரிக்காவின் உறைபனிக் காலத்தில் பெரிய கோழிகளைவிட இவற்றுக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும். மலேசியாவின் செராமாதான் குளிரில் மிகவும் நலிவது. அரைக் கிலோகூடத் தேறாத அதை வீட்டுக்குள் வைப்பதே நல்லது. குட்டைக்கால் ஜப்பானியச் சாபோவுக்குப் பனியில் வயிறு உரசும். பட்டுக்கோழியின் பஞ்சு இறகு ஈரத்தைத் தடுக்காது.

குளிரைவிடக் கொடியது ஈரம். எச்சத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் எழும் நீராவி, இறுக மூடிய கூட்டில் தங்கிக் கொண்டையில் படிந்து உறையும்; கொண்டையின் நுனி வெளிறி, பிறகு கருத்து உதிரும். எனவே கோழியின் தலைக்கு மேலே காற்றுப்போக்கி திறந்திருக்க வேண்டும். கீழே காற்று வீசக் கூடாது. அடைகிற கட்டை அகலமாக இருந்தால், கோழி அமர்ந்ததும் வயிற்றிறகு விரல்களைப் போர்த்திக்கொள்ளும். தரையில் உலர்ந்த மரச்சீவல் கனமாகப் பரப்பலாம். அடையும் முன் கொஞ்சம் மக்காச்சோளம் கொடுத்தால் இராச் செரிமானமே கதகதப்புத் தரும். தண்ணீர் உறைந்துவிடாமல் அடிக்கடி மாற்றுவது அவசியம்.

வெப்ப விளக்கு வேண்டாம். அது மரச்சீவலில் விழுந்தால் கூடே எரிந்துவிடும்.