சந்திரகாந்தக் கல் – ஆங்கிலத் துப்பறியும் நாவலின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

கொலையும் களவும் இலக்கியத்திற்குப் புதியன அல்ல. ஆனால், குற்றவாளி யார் என்பதை இறுதிப் பக்கங்கள் வரை மறைத்துவைத்து, சிறு சிறு தடயங்களைக் கோத்து அவனை இனங்காண்பதையே கதையாக்கும் நாவல் அண்மைக் காலத்தது. அத்தகைய நாவல் தோன்றுவதற்குக் குற்றம் மட்டும் போதாது. குற்றத்தைப் புலனாய்வதையே சம்பளத்துக்குரிய தொழிலாகக் கொண்ட ஒருவன் வேண்டும். வாக்குமூலத்திலும் பார்க்கப் பொருட்சான்றைப் பெரிதாக மதிக்கும் நீதிமுறை வேண்டும். இவற்றைப் பற்றி நாள்தோறும் ஆவலுடன் படிக்கும் பத்திரிகை வாசகர் கூட்டமும் வேண்டும். இவை யாவும் ஒருங்கு சேர்ந்த இடமும் காலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இங்கிலாந்தாகும்.

இலண்டன் மாநகரப் பொலிஸ் படை 1829ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. சீருடையணிந்து வீதியில் நிற்கும் பொலிசாரை ஆங்கிலேய நடுத்தர வர்க்கம் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. சாதாரண உடையில் மக்களிடையே உலாவும் பொலிசாரையோ அது ஒற்றர்களாகவே கருதியது. ஒற்றாடல் பிரெஞ்சுக்காரர் வழக்கம் என்பது அக்கால ஆங்கிலேயர் எண்ணம். பாரிசில் முன்னாட் குற்றவாளியான விடொக் 1812இற் புலனாய்வுப் பிரிவொன்றைத் தொடங்கி, 1828இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டமை அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது. அமெரிக்கரான எட்கார் அலன் போ 1841இல் எழுதிய முதலாவது துப்பறியும் சிறுகதை பாரிஸ் நகரிலே நிகழ்வது தற்செயலானது எனத் தோன்றவில்லை. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, இரண்டு இன்ஸ்பெக்டர்களும் ஆறு சார்ஜன்ட்டுகளுமாக எட்டுப் பேர் கொண்ட துப்பறியும் பிரிவு ஸ்கொட்லண்ட் யார்டில் உருவாயிற்று. அதன் தொடக்ககால உறுப்பினருள் ஒருவர் தோட்டக்காரர் ஒருவரின் மகனான ஜொனதன் விச்சர். 1850இற் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இப்பிரிவினரைத் தமது வார இதழ் அலுவலகத்துக்கு அழைத்து உரையாடி, அவர்தம் திறமையை வியந்து எழுதினார். விச்சரும் பெயர் சற்றே மாற்றப்பட்டு அக்கட்டுரையில் இடம்பெற்றார்.

பத்தாண்டுகளின் பின் அதே விச்சரின் வாழ்வைக் குலைத்த வழக்கே ஆங்கிலத் துப்பறியும் நாவலுக்கு உருவங்கொடுத்தது என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1860ஆம் ஆண்டு ஜூன் 29ஆந் திகதி இரவு, வில்ட்ஷயர் எல்லையிலுள்ள றோட் என்னுங் கிராமத்தின் றோட் ஹில் மாளிகையில், நான்கு வயது நிரம்பாத பிரான்சிஸ் சவில் கென்ட் என்ற குழந்தை தன் படுக்கையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டது. மறுநாட் காலையிற் கழுத்தறுக்கப்பட்ட நிலையில் அதன் உடல் வளவிலிருந்த மலகூடத்துள் காணப்பட்டது. தந்தை சாமுவேல் கென்ட் அரசாங்கத் தொழிற்சாலைகள் உதவிப் பரிசோதகர். பிறருடைய ஆலைகளுள் நுழைந்து குற்றங்காண்பதே அவரது உத்தியோகம். தம் வீட்டினுட் பொலிசார் நுழைந்தபோது அவர் நடந்துகொண்ட முறை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கொலை நிகழ்ந்ததற்கு அடுத்த இரவு, காவலுக்கு வந்திருந்த உள்ளூர்ப் பொலிஸ்காரரைச் சமையலறையில் வைத்து அவர் வெளியே தாழிட்டுவிட்டார். சட்டத்தின் கை எதுவரை நீளலாம் என்பது பற்றி அக்கால உயர்குடியினர் கொண்டிருந்த கருத்தை இந்நிகழ்ச்சியிலும் தெளிவாகக் காட்டுவது அரிது.

உள்ளூர்ப் பொலிசார் ஆயாவையே முதலிற் சந்தேகித்தனர். வேலைக்காரி மீது பழி விழுவது எளிது. ஜூலை நடுப்பகுதியில் இலண்டனிலிருந்து வந்த விச்சரின் பார்வையோ வேறு திசையிற் சென்றது. சாமுவேல் கென்ட்டின் முதல் மனைவி 1852இல் இறந்துவிட, அவர் வீட்டு ஆசிரியையாயிருந்தவளை மறுமணஞ் செய்திருந்தார். கொலையுண்ட குழந்தை இரண்டாந் தாரத்தின் பிள்ளை. முதல் தாரத்தின் மகளான கொன்ஸ்ரன்ஸுக்கு அப்பொழுது பதினாறு வயது. அவளிடமிருந்த மூன்று இரவு உடைகளுள் ஒன்று காணாமற் போயிருந்தது. சலவைக்குக் கொடுத்த துணிகளின் கணக்கைத் துருவி, அந்த ஓர் உடை இல்லாமையையே சான்றாகக் கொண்டு விச்சர் அவளைக் கைதுசெய்தார்.

நீதவான்கள் முன்னிலையில் வழக்கு நிற்கவில்லை. அவள் பிணையில் விடுவிக்கப்பட்டாள். தொழிலாளி வர்க்கத்திற் பிறந்த பொலிஸ்காரனொருவன் கனவானின் மகளது உள்ளாடைகளைப் பற்றி விசாரித்தான் என்பதே பத்திரிகைகளின் பெருங் கோபமாயிற்று. கொலையுண்ட குழந்தை மறக்கப்பட்டது; குற்றவாளிக் கூண்டில் விச்சரே நின்றார். கொலை நடந்த அன்றே உள்ளூர்ப் பொலிசார் அடுப்பினுள் இரத்தக் கறை படிந்த உடையொன்றைக் கண்டு பின் தவறவிட்டதும், அதனை அவரிடம் மறைத்ததும் பிற்பாடு வெளியாயின. டிக்கன்ஸ்கூடத் தந்தையும் ஆயாவுமே கொலைகாரர் என்ற தம் ஊகத்தை நண்பர் வில்க்கி கொலின்ஸுக்கு எழுதினார். மனமுடைந்த விச்சர் 1864இல் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த ஆண்டு, 1865 ஏப்ரலில், கொன்ஸ்ரன்ஸ் தானாகவே இலண்டனுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டு, 1885இல் விடுதலையாகி, வேறு பெயருடன் அவுஸ்திரேலியாவில் தாதியாகப் பணிபுரிந்து, 1944இல் நூறாவது வயதில் அவள் இறந்தாள். கொலையில் அவள் தம்பிக்கும் பங்கிருந்ததோ என்ற ஐயம் இன்றும் ஆய்வாளரிடையே உண்டு.

கொலின்ஸின் ‘த மூன்ஸ்டோன்’, அதாவது ‘சந்திரகாந்தக் கல்’, 1868 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை டிக்கன்ஸின் வார இதழிலே தொடராக வெளிவந்தது. துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிப்போர் இவ்வகையில் ஒன்றையேனும் மூலத்திற் படிக்க வேண்டுமாயின் அது இதுவே எனத் தயங்காது கூறலாம். கவிஞர் ரி. எஸ். எலியட் இதனை நவீன ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுள் முதன்மையும் சிறப்பும் உடையதென மதித்தார். றோட் ஹில் வழக்கின் சுவடுகள் இதில் வெளிப்படையாகவே உள்ளன. கிராமத்து மாளிகை, திறமையற்ற உள்ளூர் அதிகாரி, காணாமற்போன இரவு உடை, சந்தேகத்திற்குள்ளாகும் மகள், வாய்திறக்க மறுக்கும் குடும்பம் ஆகிய யாவும் அவ்வழக்கிலிருந்து வந்தவை. தந்தையின் பூந்தோட்டத்தில் வளர்ந்து, ரோசாச் செடிகளில் மனத்தைப் பறிகொடுத்த சார்ஜன்ட் கவ் என்பான் தோட்டக்காரர் மகன் விச்சரின் சாயலே.

ஆயினும், கொலின்ஸ் செய்த மாற்றங்களே ஆராய்ச்சிக்கு உரியவை. குழந்தைக் கொலை வைரக் களவாயிற்று. இரத்தக் கறை சாயக் கறையாயிற்று. இவற்றிலும் முக்கியமானது பிறிதொன்று. உண்மை வழக்கில் மகளைச் சந்தேகித்த துப்பறிவோன் சரியாகவே சந்தேகித்தான். நாவலில் மகளைச் சந்தேகிக்கும் கவ் தவறிழைக்கிறான். கொன்ஸ்ரன்ஸின் ஒப்புதல் வெளியாகி மூன்றாண்டுகள் கழிந்த பின்பும், வாசகர் ஏற்க விரும்பாத உண்மையை நாவலாசிரியர் அவர்கள் விருப்பத்திற்கேற்பத் திருத்தியமைத்தார் என்றே கொள்ளல் வேண்டும். எனினும் அவர் குடும்பத்தை முற்றாகத் தப்பவிடவுமில்லை. உண்மைக் கள்வன் வேலைக்காரர் பகுதியிலிருந்து வருபவனல்லன். தரும சங்கங்களின் மேடைகளிற் போற்றப்படும் பெரிய மனிதன் ஒருவனே. (அவன் பெயரை ஈண்டுக் கூறாது விடுதல், நாவலை இனிமேற் படிக்கவிருப்போருக்குச் செய்யும் உதவியாகும்.) முன்பு சிறைசென்ற குற்றத்திற்காக எல்லோராலும் ஐயுறப்படும் வேலைக்காரப் பெண் ரொசன்னாவின் முடிவே நாவலின் மிகத் துயரமான பகுதி. பின்வந்த துப்பறியும் நாவல்களில் வேலைக்காரர் பெரும்பாலும் தேநீர் கொண்டுவருவதற்கும் பிணத்தைக் கண்டு அலறுவதற்குமே பயன்பட்டனர். ரொசன்னாவுக்கோ ஓர் உள்ளம் இருந்தது.

நாவலின் இன்னோர் அடுக்கு இந்தியா சார்ந்தது. கதை இங்கிலாந்திலன்றி, 1799ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி ஸ்ரீரங்கப்பட்டினத்திலே தொடங்குகிறது. திப்பு சுல்தான் வீழ்ந்த அன்று, ஆங்கிலப் படை அதிகாரியொருவன் காவலரைக் கொன்று வைரத்தைக் கவர்கிறான். எனவே இங்கிலாந்து மாளிகையில் நிகழும் களவு இரண்டாவது களவேயாகும். கல்லைத் தேடிக் கடல் கடந்துவரும் மூன்று பிராமணர் கள்வர்போலத் தோன்றினும், பறிகொடுத்ததை மீட்க வந்தவர்களே. கொலின்ஸ் தமது முன்னுரையில் இரு வைரங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று, பஞ்சாப் 1849இல் இணைக்கப்பட்டதும் விக்டோரியா மகாராணியின் உடைமையாகி, 1851இல் இலண்டன் பெருங் கண்காட்சியில் வைக்கப்பட்ட கோஹினூர். மற்றையது ருஷ்யச் செங்கோலிற் பதிக்கப்பட்ட வைரம். அது திருவரங்கத்துத் தெய்வத் திருவுருவத்தின் கண்ணாயிருந்து, பிரெஞ்சுப் படையினின்று ஓடிய ஒருவனால் திருடப்பட்டதென்பது நெடுங்காலமாக வழங்கும் கதை.

1857ஆம் ஆண்டு எழுச்சியின் பின் இந்தியரைப் பழிதூற்றுவதே ஆங்கிலப் பத்திரிகைகளின் பொதுப் போக்காயிருந்தது. அச்சூழலில் இவ்வாறு எழுதத் துணிவு வேண்டும். இதனால் கொலின்ஸை ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் எனக் கூறிவிடல் மிகையாகும். அவருடைய பிராமணர்கள் மாயமும் மர்மமும் பூசப்பட்ட கீழைத்தேயப் பாத்திரங்களே. ஆனால் முடிவு கவனத்திற்குரியது. ஆங்கில நீதிமன்றம் எவரையும் தண்டிப்பதில்லை. கள்வனுக்குத் தண்டனை அம்மூவர் கையாலேயே கிடைக்கிறது; கல் சோமநாதபுரத்துத் தெய்வத்தின் நெற்றியை மீண்டும் அடைகிறது.

இதன் பின் ஆங்கிலத் துப்பறியும் நாவல் பொலிசாரிடமிருந்து விலகிச் சென்றது. 1877இல் ஸ்கொட்லண்ட் யார்டின் மூத்த துப்பறிவாளர் சிலர் குதிரைப்பந்தய மோசடிக்காரரிடம் இலஞ்சம் பெற்றதற்காகச் சிறைசென்றனர். மறு ஆண்டில் அப்பிரிவு முற்றாக மாற்றியமைக்கப்பட்டது. 1887இல் ஆதர் கொனன் டொயில் படைத்த ஷெர்லொக் ஹோம்ஸ் யார்டின் இன்ஸ்பெக்டர்களை ஏளனத்துடன் நோக்குவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகலாம். சம்பளக்காரனின் இடத்தைக் கனவான் பிடித்துக்கொண்டான். மாளிகைக் கதவு அவனுக்குத் தடையின்றித் திறந்தது. டொயிலின் ‘நால்வர் கைச்சாத்து’ (1890) என்னும் நாவலிலும் இந்தியச் செல்வமே பொருளாகிறது. 1857இன் குழப்பத்தில் ஆக்ராவிற் கொள்ளையிடப்பட்ட அப்புதையல் உரியவரிடம் திரும்பவில்லை. அது தேம்ஸ் நதியின் சேற்றுள் வீசப்படுகிறது. அதைத் தேடி உரியவர் எவரும் கடல் கடந்து வருவதுமில்லை.