அ, இ, உ, எ, ஒ: ஒரு ஜப்பானியக் கேலிச்சித்திரப் படமும் நம் தோட்டத்துக் கதையும்



நம் மாணவர்களின் எழுதுகோல் பெட்டிகளையும் புத்தகப் பைகளையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். எந்த நாட்டுக் கதைகள் அவர்தம் நெஞ்சில் குடிகொண்டுள்ளன என்பது விளங்கிவிடும். மலாய் மொழி பேசும் டோரேமோனில் தொடங்கி, நருத்தோ, கோனான் என்று அந்தப் பட்டியல் நீளும். அனிமே என்னும் அசைபடமும் மங்கா என்னும் சித்திரக்கதையும் இன்று ஜொகூர்ச் சிறுவர்களின் விளையாட்டு, பேச்சு, கனவு அனைத்திலும் கலந்துவிட்டன.

ஆனால், என் பாட்டி உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் இவற்றுக்கு இடமில்லை. தொலைக்காட்சியில் அந்த மொழியின் ஒலி கேட்டதும், "அத அடைச்சிடுய்யா" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசமாட்டார். குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன், 1943ஆம் ஆண்டில் சயாமுக்கு இரயில் பாதை போடச் சென்றவர். திரும்பி வரவில்லை.

பாட்டி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் இப்படங்களை நான் பார்க்கத் தொடங்கினேன். மாணவர்கள் எதில் மயங்குகிறார்கள் என்று அறியும் ஆவல் ஒரு புறம். ஜப்பானியர்கள் அந்தப் போரைத் தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்கிறார்கள் என்று அறியும் ஆவல் மறு புறம்.

முதலில் பார்த்தது தாக்காஹாத்தா இசாவோ இயக்கி 1988இல் வெளிவந்த 'மின்மினிகளின் கல்லறை'. கோபே நகரில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் சிறுகச் சிறுக மாய்வதே கதை. கண்ணீர் வராமல் பார்க்க இயலாது. எனக்கும் வந்தது. ஆனால், அழுது முடித்தபின் ஒரு கேள்வி எழுந்தது. அதே போரில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் இக்கதையில் எங்கே? அண்ணன் தங்கையை வாட்டிய பசி, அவர்கள் நாட்டுப் படை நம் மண்ணிலும் விதைத்த பசியன்றோ?

அடுத்துப் படித்தது நாக்காசாவா கெய்ஜி 1973இல் தொடங்கிய 'வெறுங்கால் கென்'. ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டில் தந்தையையும் உடன்பிறந்தோரையும் பறிகொடுத்தவர் அவர். இந்தச் சித்திரக்கதை என் மனக்குறையை ஓரளவு போக்கியது. ஏனெனில் நாக்காசாவா குண்டு வீசியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், போரைத் தொடங்கிய தம் நாட்டு ஆட்சியாளர்களையும் பேரரசரையும் குற்றம் சாட்டுகிறார். கொரியர்கள் ஜப்பானில் பட்ட இழிவையும் எழுதுகிறார். அந்த நேர்மைக்கு அங்கே விலையும் உண்டு. 2012இல் மாட்சுவே நகரப் பள்ளி நூலகங்களில் இந்நூல் மாணவர் கைக்கெட்டாத இடத்திற்கு மாற்றப்பட்டது. கண்டனம் எழுந்ததால் 2013இல் அத்தடை நீங்கியது. 2023இல் ஹிரோஷிமாவின் அமைதிக் கல்விப் பாடப்பொருளிலிருந்தே கென் நீக்கப்பட்டான்.

ஹிரோஷிமாவில் ஜொகூருக்கும் ஒரு துயரம் உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திலர். தென்கிழக்காசியாவிலிருந்து சிறப்பு மாணவர்களாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டவர்களுள் மலாயா இளைஞர் மூவர் 1945 ஆகஸ்டு 6 அன்று அந்நகரில் இருந்தனர். நிக் யூசோப் குண்டுவீச்சில் மாண்டார். ஜொகூரைச் சேர்ந்த சையத் ஓமார் கதிர்வீச்சின் பாதிப்பால் செப்டம்பர் 3இல் கியோத்தோவில் உயிர் நீத்தார். அவர் கல்லறை அங்குள்ள என்கோஜி ஆலயத்தில் உள்ளது. உயிர் தப்பிய அப்துல் ரசாக் பின்னாளில் நம் நாட்டில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியரானார். குண்டு, நாடு பார்த்து விழவில்லை.

வகுப்பறையில் ஒரு யானை

என்னை உலுக்கிய படம் இவை இரண்டும் அல்ல. 'மொமொத்தாரோ: கடலின் தெய்வ வீரர்கள்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம். ஜப்பானின் முதல் முழுநீள அசைபடம் இதுவே. செயோ மிட்சுயோ இயக்கிய 74 நிமிடப் படம். கடற்படையின் பொருளுதவியோடு எடுக்கப்பட்டு 1945 ஏப்ரல் 12இல் வெளிவந்தது. போருக்குப் பின் அழிந்துபோனதாகவே கருதப்பட்ட இதன் படச்சுருள், 1982இல் ஷோச்சிக்கு நிறுவனத்தின் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டது.

கதையின் பெரும்பகுதி நடக்குமிடம் ஜப்பான் அன்று. தென்கடல் தீவு, அதாவது நம் வட்டாரம். மொமொத்தாரோ என்பவன் ஜப்பானிய நாட்டுப்புறக் கதையின் வீரச் சிறுவன். அவன் படையில் குரங்கு, நாய், கரடி முதலியன வீரர்கள். தீவின் காட்டு விலங்குகள் அவர்களுக்காக மகிழ்ச்சியோடு காட்டை அழித்து விமானத் தளம் அமைக்கின்றன. இறுதியில் கொம்பு முளைத்த வெள்ளைக்கார அதிகாரிகள் நடுநடுங்கிச் சரணடைகிறார்கள். அக்காட்சி, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் யமஷித்தாவிடம் சரணடைந்த நிகழ்வின் நிழல். அதே யமஷித்தா அதற்குச் சில நாள் முன்பு ஜொகூர் பாரு புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்திலிருந்து சிங்கப்பூரை நோட்டமிட்டவர்.

படத்தின் நடுவே ஒரு வகுப்பறை வருகிறது. தீவு விலங்குகளுக்கு ஜப்பானிய எழுத்துக் கற்பிக்கிறார்கள். விலங்குகள் கூச்சலிடுகின்றன, பாடம் நடக்கவில்லை. பிறகு இசை எழுகிறது. "ஆ, இ, உ, எ, ஒ" என்று எழுத்துகள் பாட்டாகின்றன. எல்லா விலங்குகளும் ஆடிப் பாடிக் கற்றுக்கொள்கின்றன.

ஆசிரியனாகிய எனக்கு அக்காட்சி பிடித்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. பாட்டின் வழி எழுத்தறிவித்தல் நாமும் கையாளும் முறைதானே! அடுத்த கணமே உடல் கூசியது. அந்த விலங்குகள் யார்? நாம்தாம். தோக்கியோ இருந்த திசை நோக்கி வணங்கவும் கிமிகாயோ பாடவும் பயின்ற நம் தாத்தா, பாட்டிமார்தாம்.

இப்படத்தின் சில காட்சிகளை, பள்ளி முடிந்தபின் நடக்கும் வரலாற்றுக் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர் சிலருக்குக் காட்டினேன். சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, அந்த யானைக்குச் சம்பளம் கொடுத்தாங்களா?"

யானைக்குச் சம்பளம்

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது.

ஜப்பானியப் படை 1942 ஜனவரி 31இல் ஜொகூர் பாருவை அடைந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத் துரைமார் ஓடிவிட்டனர். வேலையில்லை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது, வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லை. இந்நிலையில்தான் சயாமுக்கு ஆள் சேர்க்க வந்தார்கள். கூலி உண்டு, சோறு உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். நம்பிப் போனோர் சிலர். பிடித்துச் செல்லப்பட்டோர் பலர்.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் உழைத்து, 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் முதலான ஆசியத் தொழிலாளர்களோ சுமார் இரண்டு இலட்சம் பேர் அல்லது அதற்கும் மேல். இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் குறிப்பிடும் மதிப்பீடு. வாந்திபேதி, மலேரியா, பசி, அடி என்று சாவுக்குப் பல பெயர்கள். காஞ்சனபுரியின் போர்க்கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம் தோட்டத்து மக்களுக்கு அவ்வாறு பெயர் பொறித்த வரிசை எதுவுமில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களே நமக்குக் கல்வெட்டு.

அடுத்த வாரம் அம்மாணவியிடம் இதைத்தான் சொன்னேன்: "இல்லையம்மா. சிரிக்கும் யானையை வரைந்தவர்கள், திரும்பி வராதவர்களை வரையவில்லை."

அந்தப் பாட்டு யாருடையது?

இக்கதைக்கு எதிர்பாராத ஒரு தொடர்ச்சி உண்டு. 1945 ஏப்ரலில் ஓசாக்காவில், குண்டுவீச்சுக்குத் தப்பிய திரையரங்கு ஒன்றில், 16 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டான். தானும் ஒரு நாள் அசைபடம் எடுப்பேன் என்று உறுதி பூண்டான். அவனே பிற்காலத்தில் மங்காவின் தந்தை எனப் போற்றப்பட்ட தெசுக்கா ஒசாமு. புத்தரின் வாழ்வைப் பெருஞ்சித்திரக்கதையாக வரைந்தவரும் அவரே. 1965இல் தொலைக்காட்சிக்கு அவர் அளித்த 'காட்டுப் பேரரசன்' தொடரில் விலங்குகள் மீண்டும் "ஆ, இ, உ, எ, ஒ" பாடுகின்றன. இம்முறை அங்குப் படைவீரர் இல்லை. நம் மாணவர் இன்று கண்டு மகிழும் அனிமே, அந்தப் போர்ப் படத்தின் கண்ணீரிலிருந்தும் முளைத்ததே.

மற்றொன்றையும் தமிழாசிரியர் கவனிக்க வேண்டும். ஆ, இ, உ, எ, ஒ என்னும் அந்த வரிசை நம் அ, இ, உ, எ, ஒ வரிசையே அல்லவா? இது தற்செயலன்று. பௌத்தத்தோடு இந்திய எழுத்திலக்கண மரபு சீனம் வழியாக ஜப்பானை அடைந்தது. அம்மரபையொட்டியே அவர்களின் எழுத்து வரிசை அமைந்தது. ஒரு காலத்தில் துறவிகள் கொண்டு சென்ற வரிசையை, மற்றொரு காலத்தில் படைவீரர்கள் நம்மிடம் புதியது போலக் கொண்டுவந்தார்கள். எழுத்து குற்றமற்றது. அதைக் கொண்டு வரும் கையைத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளிடமிருந்து அனிமேயைப் பிடுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டியைப் போல் அதை அடைத்துவிட எனக்கு உரிமையில்லை. அந்த வலி அவருடையது. ஆயினும் பாட்டி ஏன் அடைக்கச் சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த அண்ணன் இரண்டாம் முறை காணாமல் போவார். ஜப்பானியச் சிறுவன் கென்னின் கதையை அறிந்த பிள்ளை, தன் கொள்ளுத்தாத்தாவின் கதையையும் அறியட்டும்.

உங்கள் வீட்டில் ஜப்பான்காரன் காலத்தைக் கண்ட முதியவர் எவரேனும் இன்னும் இருந்தால், இவ்வாரமே பிள்ளையை அருகில் அமர்த்திக் கேட்கச் சொல்லுங்கள். ஊர், தோட்டம், பெயர், ஆண்டு ஆகியவற்றை அவன் ஓர் ஏட்டில் எழுதட்டும். படம் வரையத் தெரிந்த பிள்ளையாயின், வரையட்டும். என் மாணவி வரைந்து கொண்டுவந்த படத்தில் ஒரு யானை இரயில் தண்டவாளத்தின் அருகே நிற்கிறது. அது சிரிக்கவில்லை. கீழே, நான் சொல்லியிருந்த பாட்டியின் அண்ணன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியன்