ஆடியில் களைகட்டும் கடைவீதி

தமிழ்நாட்டு ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஆடி என்றால் மந்தம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கல்யாணப் பட்டு எடுக்க யார் வருவார்கள்? தேங்கிய சரக்கைத் தள்ளிவிட அவர்கள் கண்ட வழிதான் ஆடித் தள்ளுபடி. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் இந்தக் கணக்கு செல்லாது. இந்த ஊர்க் கடைவீதிக்கு ஆடிதான் அறுவடைக் காலம்.

காரணம், இங்குள்ள கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் வாதிட்டார்கள். சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காண கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்தாள் என்பது தலபுராணம். பன்னிரண்டு நாள் திருவிழாவில், உத்திராட நட்சத்திரத்தன்று சங்கரநாராயணர் அம்மனுக்குக் காட்சி தருகிறார். அன்று கரிசல்காட்டுச் சம்சாரிகள் பருத்தி, மிளகாய் வத்தல், தானியம் என்று தங்கள் நிலத்தில் விளைந்ததை அம்மன் சப்பரத்தின் மேல் சூறை விடுகிறார்கள். பூச்சிக்கடி பயம் தீர நாகர், தேள் உருவத் தகடுகளை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாக மடியில் முடிந்துகொள்கிறார்கள்.

நேர்ச்சை முடிந்ததும் கால்கள் ரத வீதிகளுக்குத் திரும்பும். தேர் சுற்றுவதற்காக அகலமாக விட்ட தெருக்களில்தான் வளையல் கடையும் பாத்திரக் கடையும் துணிக்கடையும் வேர்பிடித்தன. கூட்டத்தைச் சேர்க்கும் வேலையைக் கோயில் பார்த்துக்கொண்டது. வியாபாரி கடையைத் திறந்து வைத்தால் போதும்.

வெளியூர்ப் போட்டி ஒன்றும் இந்த வீதிக்குப் புதிதல்ல. விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-இல் வந்தது. வெளியூர்ச் சரக்கு ஊருக்குள் வர அது வசதி. உள்ளூர்ப் பணம் வெளியே போகவும் அதே வசதி. அதற்குச் சற்று முன்னால்தான், பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1923-இல் போத்தீஸும், திருநெல்வேலியில் 1924-இல் ஆரெம்கேவியும் தொழிலைத் தொடங்கியிருந்தன. சின்னக் கடைகளாகப் பிறந்த அவை பிற்பாடு சென்னை தியாகராய நகரில் மாடி மாடியாக எழுந்தன. கல்யாண ஜவுளிக்கு நெல்லைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறும் வழக்கம் கைபேசி வருவதற்கு வெகுகாலம் முந்தியது.

2012-இல் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி தந்தபோது, தமிழ்நாட்டில் அதை விடமாட்டோம் என்றார் முதலமைச்சர் ஜெயலலிதா. ஆனால் அடுத்த போட்டியாளருக்குத் தெருவில் கட்டடமே தேவைப்படவில்லை. 2007-இல் பிறந்த ஃப்ளிப்கார்ட்டும் 2013-இல் இந்தியாவில் கடை விரித்த அமேசானும் கைபேசி வழியாக வீட்டுக்குள் நுழைந்தன. 2014 அக்டோபரில் ஃப்ளிப்கார்ட் தொடங்கிய ‘பிக் பில்லியன் டே’ விற்பனை, தீபாவளியை ஒட்டியே வந்தது. திருவிழாவோடு வியாபாரத்தை முடிச்சுப் போடுவது ரத வீதிக்காரர்களின் பழைய வித்தை. அதையே ஆன்லைன் நிறுவனங்கள் திரையில் செய்து காட்டின. கடைக்காரரின் பற்று நோட்டுக்குப் பதில் தவணைத் திட்டமும் வந்து சேர்ந்தது.

இருந்தும், எல்லாமே பார்சலில் அடங்கவில்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகையின் விலை நாளுக்கு நாள் மாறும். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் பூவால் அது எகிறும். மட்டன் பிரியாணி சாப்பிடுவதற்கென்றே இந்த ஊரில் வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்த ஊர் விசைத்தறி நெசவாளரின் நிலை வேறு. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தமிழ்நாட்டுத் தறிகளுக்கு வேலை கொடுத்தது. ஆனால் அந்தச் சேலை ரேஷன் கடை வழியாகப் போகிறது. கடைவீதிக்கு அதனால் ஒரு வாடிக்கையாளரும் கூடுவதில்லை.

கடைவீதியை மீட்க முயன்றதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் இருக்கிறது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். சாலையைச் சுருக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இருக்கைகள் போட்டார்கள்.

பாண்டி பஜாருக்கு ஆன செலவு ஒரு சிறு நகராட்சிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஆடித்தபசுக்கு ஆண்டுதோறும் செய்கிற ஏற்பாடு கையில் இருக்கிறது: வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுவது, குடிதண்ணீர், தற்காலிகக் கழிப்பறை, சிறப்புப் பேருந்து. அம்மன் சந்நிதிக்குக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலைகளில், ஒரே ஒரு ரத வீதியில் நான்கு மணி நேரம் இதைச் செய்து பார்க்கலாம். நகராட்சியும் கோயில் நிர்வாகமும் வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கூட்டத்திலேயே தீர்மானிக்கக்கூடிய காரியம்தான் இது.