ஆன்மிக வளர்ப்பு, கிறித்தவத் தொடக்கப் பள்ளிகளில்

வியப்பு, நன்றியுணர்வு, பரிவு, இறைச்சிந்தனை ஆகியவை வேதபாட வகுப்போடு நின்றுவிடாமல் எல்லாப் பாடங்களின் வழியாகவும் குழந்தையிடம் வளர வேண்டும் என்னும் கல்விக் கருத்து இது. கிறித்தவப் பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டாக, வேலூர் வட்டாரத்தில் மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷன், தொடக்கத்தில் பள்ளியைவிடப் பிரசங்கத்தையே முதன்மையாகக் கொண்டிருந்தாலும், காலப்போக்கில் பல ஊர்களில் பள்ளிகளைத் திறந்தது. அதன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில், தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு மாசுபட்டதை அறிவியல் பாடத்தில் படிக்கும் குழந்தைக்கு, படைப்பைப் பேணும் பொறுப்பு தனிப் போதனை இல்லாமலே விளங்கக்கூடும். கணக்குப் பாடத்தில் இத்தகைய இணைப்பு பெரும்பாலும் வலிந்து செய்ததாகவே அமைகிறது. பாடங்களின் வழியான வளர்ப்பு ஒருபுறமிருக்க, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் சிறுவர்க்குச் சமயப் போதனை அளிக்கப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு தேவை என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு வரையறுக்கிறது.