திருப்பூரும் சுவிஸ் பிராங்கும்

திருப்பூரின் பனியன் ஏற்றுமதியில் ஆர்டர் பிடிக்கும் நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் ஓடிவிடும். நூல், நிட்டிங், டையிங், கூலி எல்லாம் ரூபாயில் போகும். பையர் தருவது டாலர். 2004 முதல் 2006 வரை டாலர் பெரும்பாலும் 43 ரூபாய்க்கும் 47 ரூபாய்க்கும் நடுவிலேயே நின்றதால் இந்த இடைவெளி பெரிதாக உறுத்தவில்லை. 2007 தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர் ஆண்டு முடிவதற்குள் 40-க்கும் கீழே இறங்கியது. பத்து லட்சம் டாலர் ஆர்டரில் நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. குறைந்த லாபத்தில் ஓடும் தொழிலுக்கு அது உயிர்போகும் அடி. அந்தக் கலக்கத்தில்தான் வங்கிகள் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்த டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களோடு ஏற்றுமதியாளர்களிடம் வந்தன. அந்த ஒப்பந்தங்களால் வந்த நஷ்டத்தைக் கணிப்பு பொய்த்ததன் விளைவு என்று சொல்வது வழக்கம். கணிப்பு பொய்ப்பது இயல்பே. அது எவ்வளவு தூரம் பொய்க்கலாம் என்ற அளவை மறைத்து, ஒற்றை எண்ணை மட்டும் கையில் கொடுத்ததே கேடு என்று நான் கருதுகிறேன்.

இத்தகைய ஒப்பந்தம் எப்படி இருந்தது என்பதற்கு ஆவணமாகவே கிடைக்கும் சான்று, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன கோவைச் சர்க்கரை நிறுவனமான ராஜ்ஸ்ரீ சுகர்ஸின் வழக்கு. 2007 ஜூனில் போட்ட ஒப்பந்தம் அது. டாலர் 1.1250 சுவிஸ் பிராங்குக்கு இறங்காதவரை கவலையில்லை. ஒருமுறை தொட்டுவிட்டால், சந்தையில் டாலர் மலிந்து கிடந்தாலும் 1.33 பிராங்கு வீதம் வாங்கியாக வேண்டும். அந்த எல்லை ஏன் பத்திரமாகத் தெரிந்தது? 1995-லும் 2004 இறுதியிலும் டாலர் அந்த அளவை ஒட்டி இறங்கி மீண்டும் ஏறியிருந்தது. புள்ளியியல் அறிந்தவர் உடனே தடுத்திருக்க வேண்டிய இடம் இது. கடந்த காலத்தில் பதிவான மிகக் குறைந்த மதிப்பு, இனி அதற்குக் கீழே போகாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பதிவு நீள நீளப் பழைய எல்லைகள் உடையத்தான் செய்யும். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. சுவிட்சர்லாந்துக்குச் சரக்கே அனுப்பாத கம்பெனிகளும் பிராங்கில் கடன்பட்டு நின்றன.

கையெழுத்திட்டவர்கள் வியாபாரிகள்தானே, பேராசைக்கு யார் பொறுப்பு என்ற மறுப்பு நியாயமானது. 2008 அக்டோபரில் நீதிமன்றமும் இது சூதாட்ட ஒப்பந்தம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்குத் தலா 5 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதித்தது. இந்த ஒப்பந்தம் இந்த வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்று முறையாகப் பார்க்காததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அபராதம் அற்பம். ஆனால் விற்றவருக்கும் கடமை உண்டு என்பது பதிவாகிவிட்டது. இன்னொரு மறுப்பு கனமானது: நாணய மதிப்பை யாராலும் கணிக்க முடியாது. மீஸ், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 1983-லேயே இதைக் காட்டினார்கள். இன்றைய விலையே நாளைய விலை என்ற எளிய ஊகத்தை அன்றைய பொருளாதார மாதிரிகளால் குறுகிய காலத்தில் வெல்ல முடியவில்லை. இது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. மையப்புள்ளியை அறிய முடியாதபோது எவ்வளவு தூரம் விலகலாம் என்ற வீச்சு ஒன்றுதான் மிஞ்சும் தகவல். ஏற்றுமதியாளர் கடைசியில் ஒரே விலைதானே சொல்ல முடியும் என்பார்கள். சொல்லலாம், ஆனால் வரவேண்டிய டாலரில் எத்தனை பங்கைப் பின்னாளைய விலையை இன்றே உறுதிசெய்யும் சாதாரண ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் பூட்டுவது, எதைத் தொடவே கூடாது என்பதை அந்த வீச்சுதான் தீர்மானிக்கும். ஆபத்துகள் தனித்தனியாக வருவதும் இல்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்த பிறகு ஆர்டரும் வங்கிக் கடனும் ஒருசேர இறுகின. டாலர் 50 ரூபாயை எட்டியபோதோ, 40 ரூபாயை ஒட்டிய விலையில் அதை முன்கூட்டியே விற்றிருந்தவர்களுக்கு ஏற்றத்தில் பங்கில்லை.

இன்று ரிசர்வ் வங்கி தன் அறிக்கையில் பணவீக்கக் கணிப்பையும் வளர்ச்சிக் கணிப்பையும் விசிறி வடிவப் படமாக வெளியிடுகிறது. 50, 70, 90 சதவீத வாய்ப்புகளுக்கான பட்டைகள் அதில் உண்டு. ரூபாய் மதிப்பு மட்டும் அதே அறிக்கையில் ஒற்றை எண்ணாக, ஓர் அனுமானமாக நிற்கிறது. 5 சதவீதம் ஏறினால், இறங்கினால் என்ன ஆகும் என்ற கணக்கு அதனோடு வரும். 2007-ல் ரூபாய் ஓராண்டுக்குள் நகர்ந்தது 10 சதவீதத்துக்கும் மேல்.